முதலில் சொல், பிறகு செய்து பார்: விசை, இயக்கம், சக்தி படிப்பிக்கும் விதம் பற்றி

பந்து ஒன்றை நேர் மேலே எறிகிறோம். ஏறுகிறது, உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, திரும்பி விழுகிறது. ஏறும்போது பந்தின் மேல் தாக்கும் விசை எந்தப் பக்கம்? சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் ஒரு வகுப்பில், அது களுவாஞ்சிக்குடியாக இருந்தாலும் கல்முனையாக இருந்தாலும், இந்தக் கேள்வியைப் போட்டால் வருகிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "மேல் நோக்கி சேர். நாம எறிஞ்ச விசை." உச்சியில்? "அந்த இடத்தில விசை இல்ல." விழும்போது? "கீழ் நோக்கி." பதில் சொன்ன அதே பிள்ளைக்கு நியூற்றனின் மூன்று விதிகளும் மனப்பாடம். விசை என்பது திணிவும் ஆர்முடுகலும் பெருகி வருவது என்று எழுதி, இரண்டு கிலோகிராம் பொருளுக்கு விடை காணவும் தெரியும். கையை விட்டுப் பிரிந்த பந்தின் மேல், காற்றுத் தடையைத் தள்ளிவிட்டால், புவியீர்ப்பு விசை ஒன்றுதான் இருக்கிறது. ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அது கீழ் நோக்கியே இருக்கிறது. மனப்பாடம் செய்த விதிகளுக்குள்ளேயே இது அடங்கிக் கிடந்தாலும், எறிகிற பந்துக்கும் அந்த விதிகளுக்கும் தொடர்பு இருப்பதாகப் பிள்ளைக்குப் படவில்லை.

நம் பிள்ளைகள் மட்டும் இப்படியில்லை. அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனிசும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த மாதிரியான கேள்விகளைத் தொகுத்து 1992 இல் ஒரு சோதனையாக வெளியிட்டார்கள். அதில் கணக்கே கிடையாது. பந்து, லொறி, மின்தூக்கி என்று அன்றாடம் காணும் பொருட்களும் சில தெரிவு விடைகளும்தான். சூத்திரத்தில் கெட்டிக்காரராக இருந்தவர்கள்கூட அதில் சறுக்கினார்கள். 1998 இல் றிச்சர்ட் ஹேக், 62 பாடநெறிகளில் படித்த 6,500 க்கும் மேற்பட்ட மாணவர்களின் புள்ளிகளைத் திரட்டி ஒப்பிட்டார். பாடத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை சோதனை. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதுகிற வகுப்புகளில், முன்னேற இருந்த இடைவெளியில் சராசரியாக 23 வீதம்தான் நிரம்பியது. மாணவர் கையால் செய்தும் ஒருவரோடு ஒருவர் வாதாடியும் படித்த வகுப்புகளில் 48 வீதம்.

அப்படியானால் செயற்பாடுகளைக் கூட்டிவிட்டால் சரிதானே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூரின் குழு 2004 இல் வெளியிட்ட ஆய்வொன்று, விரிவுரையில் செய்துகாட்டும் பரிசோதனைகளால் மாணவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தது. பரிசோதனையைக் காணாதவர்களில் 22 வீதத்தினர் பின்னர் சரியான விளக்கம் சொன்னார்கள். உட்கார்ந்து பார்த்தவர்களில் 24 வீதத்தினர். ஆசிரியர் மெனக்கெட்டுச் சாமான் கொண்டுவந்து, பொருத்தி, செய்துகாட்டியதற்குப் பலன் அந்த இரண்டு வீதம். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஒரு விடையைச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களில் இது 30 வீதம். சொல்லி, பார்த்து, பின்னர் பக்கத்திலிருப்பவரோடு பேசியவர்களில் 32 வீதம். பரிசோதனை எல்லாருக்கும் ஒன்றுதான். முன்கூட்டிச் சொல்வதற்கு ஆன நேரம் ஓரிரு நிமிடம்.

நம் வகுப்பறைகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதும் இதுவே. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் விஞ்ஞானம் பற்றிய கூட்டம் எங்கே நடந்தாலும் பேச்சு ஆய்வுகூடத்தில் போய் நிற்கும். உபகரணம் இல்லை, இருந்தால் அலுமாரிக்குள், அலுமாரிக்குப் பூட்டு. குறை உண்மையானதுதான். ஆனால் விசையும் இயக்கமும் படிப்பிக்க அந்த அலுமாரி பெரிதாகத் தேவைப்படாது. பாடத்தின் வரிசைதான் இங்கே பிழைத்துப் போகிறது. முதலில் வரைவிலக்கணம், பிறகு சூத்திரம், பிறகு கணக்கு, நேரம் மிஞ்சினால் "மேற்கூறியதை வாய்ப்புப் பார்க்க" ஒரு செயற்பாடு. விடை தெரிந்த பிறகு செய்கிற செயற்பாட்டில் பிள்ளை தேடுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. கொப்பியில் எழுதிய விடைக்கு ஏற்றபடி வாசிப்பைத் திருத்துவதுதான் மிச்ச வேலை.

இத்தனைக்கும் சரியான வரிசை நமக்குப் புதிதல்ல. 2007 இல் தரம் 6 இலும் தரம் 10 இலும் தொடங்கிய பாடத்திட்ட மாற்றத்தோடு 'ஐந்து ஈ' முறை (ஆங்கிலத்தில் E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளாகப் பாடத்தை நடத்துவது) எல்லா ஆசிரியர் வழிகாட்டிகளுக்குள்ளும் வந்துவிட்டது. அதில் ஆராய்வது முதல், விளக்குவது பிறகு. வழிகாட்டியில் அப்படி இருந்தாலும், 40 நிமிடப் பாடவேளையும் நாற்பது பிள்ளைகளும் மாலை ரியூசனும் சேர்ந்து அதைத் திருப்பிப் போட்டுவிடுகின்றன. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்குத் தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லை. கடந்தகால வினாத்தாள் இருக்கிறது. எது முந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, வரிசையை மாற்றினால் பாடம் எப்படி இருக்கும்? ஆக மலிவான ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஒரு சீ.ஆர். கொப்பியும் கிழித்த ஒரு தாளும். இரண்டையும் இரண்டு கையில் ஒரே உயரத்தில் பிடித்து, விடுவதற்கு முன் கேட்க வேண்டும். "கொப்பிதான் முதல்ல விழுகும் டீச்சர்." ஏன் மனே? "பாரம் கூட." விட்டால் அப்படித்தான் விழுகிறது, வகுப்புக்குத் திருப்தி. அடுத்து அதே தாளைக் கசக்கி உருண்டையாக்க வேண்டும். பாரம் மாறவில்லை. இப்போது? சிலர் முந்தைய விடையிலேயே நிற்பார்கள், சிலர் தயங்குவார்கள். விட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நிலத்தைத் தொடும். மூன்றாவதாக, கசக்காத ஒரு தாளைக் கொப்பியின் மேல், ஓரம் வெளியே நீட்டாதபடி வைத்து, கொப்பியோடு விட வேண்டும். தாள் பின்தங்கி மிதந்து வரும் என்று ஒரு பகுதி, கொப்பியை விட்டு விலகாது என்று ஒரு பகுதி. கை தூக்கவைத்து எண்ணிக்கையைப் பலகையில் எழுதிய பின்பே விட வேண்டும். தாள் கொப்பியோடு ஒட்டினாற்போல் வந்து சேரும்.

அந்த நேரத்தில் பின்வாங்கிலிருந்து ஒருவன் கட்டாயம் எழும்புவான்: "கொப்பி காத்தத் தள்ளிக் குடுக்குது சேர், அதால தாளுக்குத் தடையில்ல." அவன் சொல்வது சரி. பாடத்தில் இனி வரப்போகிற காற்றுத் தடையை ஆசிரியருக்கு முன் அவனே வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டான். "அது பிறகு படிப்பம், இரு" என்று அவனை உட்காரவைத்தால் வந்த வேலையே கெட்டுவிடும். காற்று இல்லாத இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்று அவனையே கேட்கலாம். 1971 இல் அப்பலோ 15 இன் விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொற் சந்திரனில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார். அந்தக் காணொளி கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்துக்குள் கிடைக்கும். ஆனால் அதை முதலிலேயே போட்டுக்காட்டினால் அது வெறும் வேடிக்கை. கொப்பிச் சண்டைக்குப் பிறகு போட்டால் வழக்கில் சாட்சி.

விழும் பொருளை அளப்பது கடினம். ஒன்றேகால் மீற்றர் உயரத்திலிருந்து விழ அரைச் செக்கன்தான் ஆகும், மனிதக் கை நிறுத்தற் கடிகாரத்தை அழுத்துவதற்கே அதில் பாதி போய்விடும். (இதையே ஒரு செயற்பாடாக்கலாம். ஒருவர் அடிமட்டத்தைத் தொங்கவிட்டுத் திடீரென விட, மற்றவர் இரு விரலால் பிடிக்க வேண்டும். 20 சென்ரிமீற்றர் நழுவியிருந்தால் அவர் எடுத்த நேரம் 0.2 செக்கன். பிள்ளைகள் இதை இடைவேளையிலும் நிறுத்தமாட்டார்கள்.) கலிலியோவுக்கும் இதே கஷ்டம் இருந்தது. விழுவதை மெதுவாக்குவதற்காகவே அவர் சாய்தளத்துக்குப் போனார்; நேரத்தை அளக்க, பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகிய தண்ணீரை நிறுத்தார்.

நமக்கு வேண்டியது இரண்டு மீற்றர் பீ.வீ.சீ. குழாய். நெடுக்காகப் பிளந்தால் இரண்டு தவாளிப்புகள் கிடைக்கும். ஒரு முனையை ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்தி, மேலிருந்து ஒரு போளையை விட்டால் அடிக்கு வந்து சேர ஐந்து செக்கனை ஒட்டிய நேரம் ஆகும். இதைச் செய்துகாட்டிவிட்டுக் கேள்வி: தூரத்தின் கால்வாசியை, முதல் அரை மீற்றரை, கடக்க எவ்வளவு நேரம்? "ஒன்றேகால் செக்கன்" என்று வகுப்பே சொல்லும். அளந்தால் இரண்டரைக்குக் கிட்ட வரும். நேரம் பாதியானால் தூரம் கால்வாசி.

இதைக் காதால் காட்டுவது இன்னும் நன்றாக இருக்கும். தவாளிப்பில் 48, 96, 144, 192 சென்ரிமீற்றரில் கோடு போட்டு, போளை ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னால் தட்டு வரவர நெருங்கும். பிறகு கோடுகளை அழித்துவிட்டு 12, 48, 108, 192 என்று போட வேண்டும். இப்போது தட்டு ஒரே சீராக, தாளம் பிசகாமல் விழும். 12 ஐ ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறால் பெருக்கிய எண்கள் அவை. "ஏன் சேர் இந்த நம்பர்?" என்று யாராவது கேட்டால் சமன்பாட்டை எழுத அதுவே நேரம். கேட்காவிட்டால், வேறு எண்களில் கோடு போட்டுச் சீரான தாளம் வரவைக்க முடியுமா என்று ஒரு குழுவிடம் கொடுத்துவிடலாம்.

விசையை அளக்க விற்றராசு இல்லாத பாடசாலைக்கு ஒரு வழி இருக்கிறது. 100 மில்லிலீற்றர் தண்ணீரின் நிறை கிட்டத்தட்ட ஒரு நியூற்றன். ஓர் இறப்பர் பட்டியில் யோகட் கப் ஒன்றைத் தொங்கவிட்டு, 50 மில்லிலீற்றர் வீதம் தண்ணீர் விட்டு, பின்னால் ஒட்டிய அட்டையில் ஒவ்வொரு நிலையையும் குறித்தால் அரை நியூற்றன் பிரிவுகளோடு ஒரு தராசு தயார். கோடுகளின் இடைவெளி சமமாக இராது, ஏனெனில் இறப்பரின் நீட்சி விசைக்கு நேர்விகிதமாகப் போவதில்லை. பரவாயில்லை. அளவீடு என்பது கடையில் வாங்கின கருவிக்குள் அடைபட்டிருப்பதில்லை என்று பிள்ளைக்குப் புரிய அந்தக் கோணல் கோடுகள் உதவும். இதே தராசை வைத்து, பாரம் ஏற்றிய ஒரு மரக்கட்டையை அகலப் பக்கத்திலும் ஒடுக்கப் பக்கத்திலும் இழுத்துப் பார்த்தால் உராய்வு விசை தொடும் பரப்பில் தங்கியிருக்கவில்லை என்பது தெரிய வரும். அதுவும் எதிர்பாராத விடைதான். நான் அதில் அதிகம் நிற்கப்போவதில்லை, மூன்றாம் விதிக்கு நேரம் வேண்டும்.

தாக்கமும் மறுதாக்கமும் சமன், எதிர். பத்தாம் தரத்தில் இதைவிட இலகுவாகப் பாடமாகிற வரி இல்லை, இதைவிடக் குறைவாக நம்பப்படுகிற வரியும் இல்லை. லொறியும் சைக்கிளும் மோதினால் லொறி கூடுதலான விசையைக் கொடுத்தது என்றே எல்லாரும் நினைப்போம். கயிறிழுத்தலில் வென்ற அணி கூடுதலாக இழுத்தது என்றே நினைப்போம். விசை இரு பக்கமும் சமன் என்றால் யாருமே வெல்ல முடியாதே?

மட்டக்களப்பாருக்கு இதைப் பேசக் கொம்புமுறியை விட வேறென்ன வேண்டும்? கண்ணகி அம்மன் வழிபாட்டோடு வந்த விளையாட்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். இதில் கேள்வி: தென்சேரிப் பக்கம் இருபது பேர் கூடுதலாக வந்து இழுத்தால் வடசேரிக் கொம்பு முறியும் வாய்ப்புக் கூடுமா? கூடும் என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் கொளுவிய இடத்தில் தென்சேரிக் கொம்பு வடசேரிக் கொம்பை எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ, அதே அளவு விசையோடு வடசேரிக் கொம்பும் தென்சேரிக் கொம்பை இழுக்கிறது. ஆள் கூடினால் இரண்டு கொம்புக்கும் சுமை ஒரே அளவாகக் கூடும். எது முறியும் என்பது மரத்தையும் அதன் வளைவையும் பொறுத்தது. கொம்பைத் தெரிந்தெடுப்பதில் பழையவர்கள் காட்டிய கவனத்துக்கு, இதைப் பார்த்தால், பௌதிகத்திலும் காரணம் இருக்கிறது.

வகுப்பறையில் அதைச் சோதிக்க இரண்டு தராசுகளைக் கொளுவினால் போதும். ஒன்றை உடல் பெருத்த மாணவனிடமும் மற்றதை மெலிந்தவளிடமும் கொடுக்கலாம். யாருடைய தராசு கூடக் காட்டும்? எழுதிவிட்டு இழுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வாசிப்பு. அவன் திடீரென இழுத்தாலும், அவள் விட்டுக்கொடுத்தாலும், இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறி இறங்கும். அடுத்து ஒரு தராசை மட்டும் எடுத்து, இரு பக்கமும் ஒவ்வொருவர் 20 நியூற்றனால் இழுத்தால் அது என்ன காட்டும் என்று கேட்டால் வகுப்பு மூன்றாகப் பிரியும்: 40 என்பவர்கள், எதிர் எதிர் என்பதால் பூச்சியம் என்பவர்கள், 20 என்பவர்கள். 20 தான். ஒருவரை விலக்கிவிட்டு அந்த முனையை யன்னல் கம்பியில் கட்டினாலும் 20 தான். கம்பி இழுக்குமா என்று அப்போது ஒரு வாதம் கிளம்பும். கிளம்பட்டும்.

அப்படியானால் கயிறிழுத்தலில் வெல்வது எப்படி? இதற்கு ஒரு பழைய உரச்சாக்கு வேண்டும். வழுவழுப்பான சீமெந்து நிலத்தில் சாக்கை விரித்து, வகுப்பிலேயே பலசாலியை அதன் மேல் நிறுத்தி, மெலிந்தவளை வெறுங்காலோடு நிலத்தில் நிறுத்தி, கயிற்றைக் கொடுத்தால் அவன் சாக்கோடு வழுக்கி வந்து சேர்வான். கயிற்றில் இருவருக்கும் ஒரே விசை. நிலம் அவர்களின் காலுக்குக் கொடுக்கும் உராய்வு விசைதான் வேறு. ஒவ்வொருவரின் மேலும் தாக்கும் எல்லா விசைகளையும் தனித்தனியே எண்ணினால்தான் யார் அசைவார் என்று சொல்ல முடியும். விளையுள் விசை என்ற அலகுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. தாக்கமும் மறுதாக்கமும் ஒரே பொருளின் மேல் தாக்குவதில்லை, ஆகவே ஒன்றையொன்று அழிப்பதில்லை என்ற வரியையும் அந்தச் சாக்கு வழுக்கிய பிறகு சொன்னால்தான் அது ஏறும். (வழுக்குபவனுக்குப் பின்னால் மேசை, வாங்கு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சக்தி இன்னும் பிடிபடாத விஷயம். விசையையாவது தோளில் உணரலாம், சக்தியைக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். தவாளிப்பின் அடியில் ஒரு பக்கம் திறந்த நெருப்புப்பெட்டிக் கூட்டை வைத்து, பத்து சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து போளையை விட்டால் போளை கூட்டுக்குள் புகுந்து அதைச் சற்றுத் தள்ளிக்கொண்டு போய் நிற்கும். உயரத்தை இரட்டித்தால் தள்ளும் தூரமும் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆனால் அடியில் வந்து சேரும் கதி இரட்டிக்காது; அதை இரட்டிக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். இதைப் பிள்ளைகள் தாமே அட்டவணைப்படுத்திய பிறகு வீதிக்கு வரலாம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று மணிக்கு 40 கிலோமீற்றரில் வருகிறது. பிரேக் ஒவ்வொரு செக்கனுக்கும் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் கதியைக் குறைக்கிறது என்று வைத்தால், நிற்க 12 மீற்றர் ஓடும். 80 இல் வந்தால் 49 மீற்றர். இதற்கு முன் ஓட்டுபவரின் கை பிரேக்குக்குப் போகும் நேரத்தில் ஓடிய தூரம் வேறு. 40 இல் சுவரில் மோதுவது ஏறத்தாழ 6 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமன். 80 இல் மோதுவது 25 மீற்றரிலிருந்து, நல்ல வளர்ந்த தென்னையின் வட்டிலிருந்து. பதினாறு வயதில் தமையனின் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இந்தக் கணக்கு கொஞ்சம் அமைதியை உண்டாக்கும்.

போளை நின்றுவிட்டது. சக்தி எங்கே போனது? "முடிஞ்சு போயிற்று" என்பார்கள். வெப்பமாயிற்று என்று சொல்லிவிடலாம், ஆனால் அது இன்னொரு மனப்பாடம். கல்லடிக் கடற்கரையிலிருந்து ஒரு கைப்பிடி உலர்ந்த மணல், ஒரு மீற்றர் குழாய், இரண்டு மூடி, ஒரு வெப்பமானி. மணலைக் குழாய்க்குள் போட்டு, வெப்பநிலையைக் குறித்து, குழாயைச் செங்குத்தாகப் பிடித்துத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். மணல் ஒரு மீற்றர் விழும். திரும்பத் திரும்ப 200 தடவை, ஆளுக்கு இருபதாக மாறி மாறி. மணலின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்குப் பாகைக்கு 800 யூல் அளவில் இருப்பதால் சக்தி முழுதும் மணலிலேயே தங்கினால் இரண்டரைப் பாகை ஏறும். குழாயும் காற்றும் கொஞ்சத்தை வாங்கிக்கொள்வதால் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனாலும் வெப்பமானியில் தெரியும். கைச்சூடு சேராமலிருக்க மணல் விழுகிற முனைகளைத் துணியால் சுற்றிப் பிடிப்பது நல்லது. விழும்போது அழுத்தசக்தி இயக்கசக்தியாகி, மோதும்போது வெப்பமாகி மணலுக்குள்ளேயே இருக்கிறது என்று கையை நோகவைத்து அறிந்தவர்கள் "முடிஞ்சு போயிற்று" என்று இலேசில் சொல்லமாட்டார்கள்.

அம்பாறைப் பிள்ளைகளுக்கு இதன் பெரிய வடிவம் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லோயாத் திட்டத்தில் கட்டிய இங்கினியாகலை அணைக்கட்டின் அடியில் உள்ள மின்நிலையம் ஏறத்தாழ 11 மெகாவாற்று வலுவுடையது. வயலுக்கு இறங்கும் தண்ணீர் வழியில் சுழலியைத் திருப்பிவிட்டுப் போகிறது. ஒரு கனமீற்றர் தண்ணீர் ஒரு மீற்றர் இறங்கினால் சுமார் 10,000 யூல். இதை உடம்போடு ஒப்பிட மாடிப்படி இருக்கிறது. 50 கிலோகிராம் பிள்ளை மூன்று மீற்றர் மேல்மாடிக்கு ஏறினால் 1,500 யூல்; ஐந்து செக்கனில் ஓடி ஏறினால் 300 வாற்று. வீட்டு மின்பட்டியலில் ஒரு அலகு என்று போட்டிருப்பது 36 இலட்சம் யூல், அதாவது அந்தப் படியை 2,400 தடவை ஏறுவது. ஒரு அலகு மின்சாரம் என்ன மலிவு என்று அன்றைக்குத்தான் தெரியும்.

செயற்பாட்டுக்கு ஆசிரியர்கள் பயப்படுவதற்கு நேரம் மட்டும் காரணமில்லை. புத்தகத்தில் உள்ளபடி நடக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உண்டு. அதற்குப் பொருத்தமான உதாரணம், பல புத்தகங்களில் காணும் துளைப் போத்தல் படம். போத்தலில் மேலே, நடுவே, கீழே மூன்று துளைகள். மேல்துளை நீர் கிட்ட விழும், அடித்துளை நீர் ஆகத் தூரம் போய் விழும். ஆழம் கூட அமுக்கம் கூடும் என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டுவார்கள். மேசை மேல் வைத்துச் செய்து பாருங்கள். நீர் 24 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இருக்கும்போது, அடியிலிருந்து 6, 12, 18 சென்ரிமீற்றரில் துளை போட்டால் ஆகத் தூரம் போவது நடுத்துளை நீர். மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். கொள்கைப்படி நடுவுக்கு 24, மற்ற இரண்டுக்கும் 21 சென்ரிமீற்றர் அளவு. வகுப்பில் இது நடந்தால் "போத்தல் சரியில்ல" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் படத்துக்குத் திரும்பிப் போய்விடுவார்.

போத்தல் சரியாகத்தான் இருக்கிறது. அடித்துளையில் அமுக்கம் கூடுதல், நீர் வேகமாகவே வெளியே வருகிறது. ஆனால் மேசையைத் தொட அதற்கு உயரம் குறைவு, ஆகவே பறக்க நேரமும் குறைவு. மேல்துளைக்கு நேரம் உண்டு, வேகம் இல்லை. போத்தலை அரை மீற்றர் உயரமான முக்காலியில் வைத்து நீரை நிலத்தில் விழவிட்டால் அடித்துளை 63 சென்ரிமீற்றரைத் தாண்டும், நடுத்துளை 55 க்குக் கிட்டவும் மேல்துளை 40 அளவிலும் விழும். படம் இப்போது உண்மையாகிவிட்டது. ஒரே போத்தல், ஒரே துளைகள், இரண்டு விடை. அமுக்கமும் விழும் நேரமும் கிடைத்திசை வேகமும் ஒரே கேள்விக்குள் வந்து சேர்கின்றன. "பிழைத்துப்போன" பரிசோதனைக்குள் பத்தாம் தரத்தின் இரண்டு அலகுகள் கிடக்கின்றன. புத்தகப் படத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, இது எந்த உயரத்தில் வைத்து வரைந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்வதைவிட நல்ல வீட்டுவேலை கிடைக்காது.

இவ்வளவையும் 40 நிமிடங்களுக்குள் எப்படி அடக்குவது என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். எல்லாப் பாடவேளையிலும் முடியாது, வேண்டியதும் இல்லை. பத்தாம் தரத்தில் நேர்கோட்டு இயக்கம், நியூற்றனின் விதிகள், உராய்வு, விளையுள் விசை, திருப்பம், சமநிலை, அமுக்கம், வேலையும் சக்தியும் வலுவும் என்று அலகுகள் எட்டளவில் வரும். அலகுக்கு ஒன்று என்று, பிள்ளைகள் பிழையாகச் சொல்வார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிந்த ஒரு கேள்வியை எடுத்து, அலகின் முதல் பாடவேளையில் வைத்தால் போதும். ஐந்து நிமிடம் எழுத, ஐந்து நிமிடம் பக்கத்தவரோடு வாதாட, பத்து நிமிடம் செய்ய. மீதி நேரத்தில் வரைவிலக்கணத்தை எழுதலாம். எழுதிக் கொடுக்கும் முன்கூற்றில் பெயர் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். பிழைவிட்டால் அடி விழும் என்று தெரிந்த இடத்தில் யாரும் தான் உண்மையாக நினைப்பதை எழுதமாட்டார்கள். முன்வாங்குக் கெட்டிக்காரியின் விடையைத்தான் எழுதுவார்கள்.

பரீட்சையில் ஆசிரியரின் கையில் உள்ள ஒரே இடம் தவணைப் பரீட்சை. அதில் இப்படி ஒரு கேள்வி போடலாம்: குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதையில் (ஆட்களை ஏற்றிச் செல்லும் இயந்திர மிதவையில்) நிற்கிறீர்கள். பாதை மாறாத கதியில் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. கையிலிருந்த தோடம்பழத்தை நேர் மேலே எறிகிறீர்கள். அது கைக்குள் விழுமா, பின்னால் விழுமா, முன்னால் விழுமா? எறிந்த பிறகு பழத்தின் மேல் தாக்கும் விசைகளை வரைந்து காட்டுக. அதே நேரத்தில் இயந்திரத்தின் கதியைக் கூட்டினால் விடை மாறுமா, ஏன்? தெரிவுக்கு ஒரு புள்ளி, வரைபடத்துக்கு இரண்டு, காரணத்துக்கு மூன்று. படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போகிற ஆசிரியர்களும் எழுவான்கரைப் பாடசாலைகளுக்கு வருகிற பிள்ளைகளும் அந்தப் பாதையில்தான் நிற்கிறார்கள். பரீட்சைக்கு முன்பே யாராவது எறிந்து பார்த்துவிட்டு வந்தால் அதைக் களவு என்று எடுக்கத் தேவையில்லை.